ஊசிக்கு மூடி

பனவடலிசத்திரத்திலிருந்து வரும் முதல் பஸ் சங்கரன்கோவிலுக்குள் திரும்பும்போது தெருவிளக்குகள் இன்னும் அணைந்திருக்கவில்லை. மாரித்தாய் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திருவேங்கடம் சாலைப் பக்கமாக நடந்தாள். இருபுறமும் தறிக்கூடங்கள் ராத்திரி ஷிப்டை முடிக்காமல் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் தேய்ந்து நிற்கிற இடத்தில்தான் மகாராஜன் மருத்துவமனை. முகப்பில் கண்ணாடிக் கதவு, பளபளக்கும் கிரானைட் படி, விடிய விடிய எரிகிற நீலப் பலகை. அந்தப் படியை மாரித்தாய் தினமும் கழுவியிருக்கிறாள். ஏறி உள்ளே போனதில்லை. அவளுக்கு வழி பின்பக்கம்.

முதல் வேலை கட்டுப்போடும் அறை. நேற்றைய ரத்தம் தரையில் கறுத்துக் காய்ந்திருக்கும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, முழங்காலை மடித்து உட்கார்ந்து தேய்த்தால்தான் விடும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் விரல் இடுக்குகளில் புகுந்து எரியும். கையுறை வேண்டும் என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீ என்ன ஆபரேஷனா பண்ணப்போற?" என்று டாக்டர் மகாராஜன் சிரித்தார். நோயாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். பெரிய மனிதர் நகைச்சுவை சொன்னால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

அடுத்தது சாக்கு. ஊசிபோடும் அறையின் மூலையில் ஒரு யூரியா சாக்கு நிற்கும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, சீழ் பிடித்த கட்டுத்துணி, டிரிப் குழாய், ஊசி, சிரிஞ்சு, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வயிறு. அதன் காதைப் பிடித்துத் தூக்கி, காலில் உரசாமல் எட்டப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துக் காலி மனைக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கொளுத்த வேண்டும். பிளாஸ்டிக் எரியும் கரும்புகை தொண்டையில் ஒட்டிக்கொண்டு மத்தியானச் சோறு வரைக்கும் கூடவே வரும்.

எட்டப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஓர் ஊசிதான். போன சித்திரையில் சாக்கைத் துளைத்துக்கொண்டு வந்து அவள் கெண்டைக்காலில் ஏறியது. யார் உடம்பில் போட்ட ஊசியோ, என்ன நோயோ, அந்த ஊர்ச் சாமிக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஓடிவந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டவள் ஜாய்ஸ். ராயகிரிப் பெண், நர்ஸ், கையில் பால் குடிக்கும் பிள்ளை. மாரித்தாயின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில், குத்துப்பட்டது யார் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"போட்டு முடிச்சதும் அந்த மூடிய திரும்ப மாட்டிப் போடேன் மக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று மாரித்தாய்தான் கேட்டாள்.

அன்றிலிருந்து ஜாய்ஸ் ஒவ்வொரு ஊசியையும் மூடிவிட்டுத்தான் சாக்கில் போட்டாள். அவளைப் பார்த்து மற்ற நர்சுகளும் மூடினார்கள். பிறகு சாக்கு ஒருமுறைகூட மாரித்தாயைக் கடிக்கவில்லை.

மூடக்கூடாது என்பது ஜாய்சுக்குத் தெரியாமல் இல்லை. ஊசிபோடும் அறைச் சுவரிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் போர்டு மாட்டியிருக்கிறது. போட்ட ஊசியை மூடாதே, மூடும் கையில்தான் அது குத்தும், வெட்டும் மெஷினில் வெட்டி வெள்ளைப் பெட்டியில் போடு என்று படம் போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் வெட்டும் மெஷின் பரணில் இருந்தது. வெள்ளைப் பெட்டியும் பரணில் இருந்தது. மஞ்சள் வாளி, சிவப்பு வாளி, நீல வாளி, முழங்கை வரை வரும் கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாமே வாங்கிய பாலிதீன் உறையோடு பரணில் பத்திரமாக இருந்தன.

அவை கீழே இறங்கும் நாள் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து தரம் பார்க்கிற குழு வரும் நாள். அன்றைக்கு வாளிகள் வரிசையாக இறங்கி, அறைக்கு அறை நின்று பல்லைக் காட்டும். மாரித்தாய் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு நடக்கத் தெரியாமல் நடப்பாள். குழு காப்பி குடித்து, தலையாட்டிவிட்டுப் போனதும் எல்லாம் மறுபடி உறைக்குள் போய்ப் பரணேறிவிடும். லேப்பில் ரத்தம் சோதிக்கிற சேக் மைதீன் இதற்கு வைத்த பெயர் 'காட்சி'. ஆடித்தபசுக்குச் சாமி சப்பரத்தில் வந்து காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதில்லையா, அதுபோல. "நம்ம ஊரு சாமியாவது காட்சி குடுக்கணும்னா ஒரு பொம்பள ஒத்தக்கால்ல தவம் நிக்கணும். இது சும்மாவே குடுத்துட்டுப் போவுது" என்பார் அவர். சொல்லிவிட்டு எல்லாரும் சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இந்த முறை வியாழக்கிழமை காட்சி. கிடைக்கப்போவது சாதாரணச் சான்று இல்லை, அது கிடைத்துவிட்டால் பெரிய இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாரும் நோயாளிகளை இங்கேதான் அனுப்புவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல்காரர்கள் கூட்டம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே படிவரைக்கும் நின்றது. ஜாய்ஸ் ஒருத்திதான் ஊசி அறையில். டாக்டர் உள்ளிருந்து மணியடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மணியடிக்கும் ஓர் ஆள் வெளியே வர வேண்டும், ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். கண் சிவந்து, முகம் மஞ்சளடித்துப்போன ஒரு லாரி டிரைவருக்கு முன்னமே ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பியிருந்தாள், இப்போது ஊசியும் போட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே மூடியை மாட்டினாள். மூடி ஒரு நூல் விலகியது.

மாரித்தாய் அப்போது வாசலில் மாப்பு போட்டுக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் கத்தவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளை உறைபோட்ட விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு மெல்லப் பெரிதானது. பிறகு உறையை உருவி எறிந்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே லேப்பிலிருந்து சேக் மைதீன் வந்தார். அந்த டிரைவரின் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது, சும்மா வந்து போகிற காமாலை இல்லை, ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு ஈரலைத் தின்கிற ரகம், டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் குழாயடியைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

வேலையில் சேரும்போதே எல்லாருக்கும் இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி போடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சும் பரணில்தான் கிடந்தது.

டாக்டர் அறைக்குள் ஜாய்ஸ் போனபோது மாரித்தாயும் மாப்புக் கட்டையோடு பின்னாலேயே போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. சேக் மைதீன் வாசலில் நின்றார். டாக்டர் விரலைப் பார்த்தார், தொடவில்லை.

"மூடச் சொன்னது யாரு?" என்றார்.

ஜாய்ஸ் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் ஒரு நொடிகூட மாரித்தாய் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததுதான் மாரித்தாயின் நெஞ்சில் இடித்தது.

"போர்டு மாட்டியிருக்கேன்ல? மூடாதேன்னு எழுதியிருக்கா இல்லையா? படிச்ச பிள்ளதான நீ?"

"எழுதியிருக்கு சார். வெள்ளப் பெட்டியில போடுன்னும் அதுலயே எழுதியிருக்கு. பெட்டி எங்கன சார் இருக்கு?"

 ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொள், ஒன்றும் ஆகாது, வியாழக்கிழமை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள் ஜாய்ஸ். போகக்கூடாது என்றார். அங்கே போனால் எங்கே குத்தியது, எப்படிக் குத்தியது என்று கேட்பார்கள், எழுதுவார்கள், அது குழுவின் காதுக்குப் போகும், இத்தனை வருச உழைப்பு உன் ஒரு விரலால் போகணுமா என்று கேட்டார்.

 ஜாய்சுக்கு அது பால் கட்டும் நேரம். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கையைக் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"சாயங்காலம் போயி பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா சார்?"

டாக்டர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அழைப்பு ஒன்றும் வந்திருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரித்தாய்க்கு உச்சியில் சுரீரென்றது. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம். கொடு என்றோ கொடுக்காதே என்றோ ஒரு வார்த்தை சொல்லலாம். ஊருக்கெல்லாம் மருந்து எழுதுகிற கை, தன்னிடம் உழைக்கிற ஒரு தாய்க்கு ஒரு வார்த்தை கொடுக்க மாட்டேன் என்கிறது. இப்பேர்ப்பட்ட மனிதனுக்குத்தான் தினமும் படி கழுவினோமா என்று இருந்தது அவளுக்கு. மாப்புக் கட்டையை டாக்டர் மேசையில் சாத்தினாள். அழுக்குத் தண்ணீர் மேசைக்கண்ணாடியில் ஒழுகியது.

"வாட்டி" என்று ஜாய்சின் கையைப் பிடித்தாள்.

"மாரித்தாய், நீ எங்க போற?" என்றார் டாக்டர்.

"இவளுக்குப் பதில் சொல்லுத எடத்துக்குப் போறேன் சார்."

கண்ணாடிக் கதவு வழியாக, படியில் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். சேக் மைதீன் ஓடிப்போய் ஆட்டோ நிறுத்தினார்.

அரசு ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. விஷயத்தைச் சொன்னதும் வரிசையில் நின்றவர்களே வழிவிட்டார்கள். அங்கிருந்த இளம் டாக்டரம்மா விரலைத் தொட்டுப் பார்த்தாள். உடனே வந்தது நல்லது என்றாள். முதல் தடுப்பூசியைப் போட்டுவிட்டு, இன்னொரு ஊசி வேண்டும், அது திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில்தான் கிடைக்கும், இப்போதே கிளம்புங்கள் என்று அனுப்பினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் ஜாய்ஸ் அழுதாள். ஆனால் கிருமி ஒட்டியதா இல்லையா என்பது இப்போது தெரியாது, மாதக்கணக்கில் பொறுத்துச் சோதிக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த விரல் நுனியில் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும்.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் ஜாய்ஸ் சாய்ந்திருந்தாள்.  "நாந்தான மக்கா மூடச் சொன்னேன்" என்றாள் மாரித்தாய்.

"பெட்டிய நீங்களா பரண்ல வச்சிய?" என்றாள் ஜாய்ஸ். அதோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாரித்தாய் வேலைக்குப் போனபோது, வேலையைவிட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருசத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை, அன்றும் உட்காரவில்லை. ஜாய்ஸ் இனி வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, நாளைக்குக் குழு கேட்டால் அவள் விதியை மீறி மூடினாள், பலமுறை கண்டித்தும் கேட்கவில்லை என்று நீ சொன்னால் போதும், அடுத்த மாதத்திலிருந்து உன்னை நிரந்தரமாக்குகிறேன் என்றார். குரலில் தேன் ஒழுகியது.

"உன் கால்ல குத்துனப்ப நீ எவ்வளவு பொறுமையா இருந்த? உனக்கு இருக்க அறிவு படிச்சவளுக்கு இல்ல பாரு" என்றார்.

அப்படியானால் அவள் காலில் குத்தியது இவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும்தான் பெட்டி பரணில் இருந்திருக்கிறது. அவள் வாய் திறக்காததை இவர் பொறுமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மாரித்தாய் வெளியே வந்தாள்.

மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் சோற்றுவாளிகளைத் திறந்துகொண்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூத்த நர்ஸ் ஹெலன், சேக் மைதீன், மற்ற இரண்டு நர்சுப் பெண்கள், மாரித்தாய். டாக்டர் சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். 

முதலில் வெடித்தது ஹெலன். வெடித்தது டாக்டர் மேல் இல்லை.

"எல்லாம் ஒன்னாலதான். மூடு மூடுன்னு நீதான கேட்ட? ஒன் கால் தப்பிச்சுது, அவ விரல் போச்சு."

"ஆமா சிஸ்டர்" என்றாள் மாரித்தாய். "எங்காலத் தப்பிக்க வைக்கத்தான் கேட்டேன். இல்லன்னு சொல்லல."

அதற்குமேல் சண்டை போட ஹெலனுக்கு வழியில்லாமல் போயிற்று. நான் படித்தது ஒரு வருசப் படிப்பு, அதை மதித்து வேறு யார் வேலை கொடுப்பார்கள், அதனால்தான் இத்தனை காலமும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சின்ன நர்சுகள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்களும் அதே படிப்பு.

சேக் மைதீன் தறிக்காரர்கள் கதையை எடுத்தார். அவர் தம்பி தறி ஓட்டுகிறவன். கூலி கேட்டு ஒரு தறியை ஒருத்தன் நிறுத்தினால் முதலாளி அவனை மாற்றிவிட்டு வேறு ஆளை வைப்பான். போன வருசம் தெரு முழுக்கத் தறிகள் நின்றன. அன்றைக்கு ஊரில் விழுந்த அமைதியை நாம் எல்லாரும்தானே கேட்டோம் என்றார். கேட்ட கூலியில் பாதிதான் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த முதலாளியும் தறிக்கூடத்துக்குள் வந்து யாரையும் ஏலே என்று கூப்பிடுவதில்லை.

"நம்ம கையில என்ன தறியா இருக்கு, நிறுத்துறதுக்கு? ஊசி போடாம நோயாளியச் சாகவா விட முடியும்?" என்றாள் ஹெலன்.

"வைத்தியத்த நிறுத்த வேண்டாம். காட்சிய நிறுத்துவோம்" என்றாள் மாரித்தாய்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அது அவள் திட்டமிட்டுச் சொன்ன பேச்சில்லை, வாயில் வந்தது. வந்தபிறகுதான் அது எவ்வளவு எளிது என்று தெரிந்தது. பரணில் ஏறி வாளியை இறக்குவது இவர்கள்தான். துடைத்து வைப்பது இவர்கள்தான். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது இவர்கள்தான். சப்பரத்தைச் சுமக்கிறவன் தோளைக் கொடுக்காவிட்டால் சப்பரம் எங்கே நகரும்? யாரும் ஏணியில் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று. கேட்பது மூன்று: ஜாய்ஸ் திரும்ப வேலைக்கு வர வேண்டும், பெட்டியும் வாளியும் இறங்கினால் இறங்கினபடியே இருக்க வேண்டும், எல்லாருக்கும் தடுப்பூசி போட வேண்டும். ஹெலன் மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோற்றுவாளியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போது மாரித்தாய் எப்போதும்போல் கட்டுப்போடும் அறையைத் தேய்த்தாள். கண்ணாடி போலத் தேய்த்தாள். வேலையில் குறை என்று எவனும் விரல் நீட்டக்கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். சாக்கை மட்டும் தொடவில்லை. நேற்றைய சாக்கு மூலையில் வாய்வரை நிறைந்து நின்றது.

டாக்டர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் கோமதியம்மன் குங்குமம். நடைக்கூடத்தில் பரணுக்கு நேரே ஏணி சாத்தியிருந்தது. ஏணிக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். ஹெலனும் நின்றாள், ஆனால் ஓரமாக.

"என்ன நின்னுக்கிட்டிருக்கிய? எறக்குங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. சேக் மைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று கோரிக்கைகளையும் சொன்னார். டாக்டர் பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். உங்களுக்குச் சோறு போடுவது இந்த ஆஸ்பத்திரி, இந்த ஏழை ஊருக்கு ராத்திரி பகல் பார்க்காமல் வைத்தியம் பார்ப்பவன் நான், ஒருத்தி செய்த தப்புக்கு ஆஸ்பத்திரி பேரையே கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று சத்தம் போட்டார்.

"தப்பு பண்ணினது அவ. மூடுனது அவ" என்றார்.

"மூடச் சொன்னது நான் சார்" என்றாள் மாரித்தாய்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். 

"நீங்க கையுற தரல. பெட்டி தரல. எங்காலுல குத்துனது தெரிஞ்சும் தரல. அதனால நான் அவகிட்ட மூடி கேட்டேன். அவ தந்தா. இந்த ஆஸ்பத்திரியில எனக்குக் கெடச்ச ஒரே பாதுகாப்பு அதுதான். அது தப்புன்னா, தப்பு எம்பேர்ல எழுதுங்க."

"சரி, நீயும் வெளிய போ" என்றார் டாக்டர்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து சத்தம் வந்தது.

"நானும் மூடியிருக்கேன் சார்."

ஹெலன். இத்தனை வருசமாக டாக்டர் மணியடித்தால் ஓடிய ஹெலன். அவள் நடந்து வந்து மாரித்தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். நானும் மூடினேன் என்றாள் ஒரு சின்ன நர்ஸ். மற்றவளும் சொன்னாள். லேப்பில் நானும்தான் மூடுகிறேன், எனக்கும் பெட்டி கிடையாது என்றார் சேக் மைதீன். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தியைத் துரத்தலாம், இரண்டு பேரைத் துரத்தலாம். எல்லாரையும் துரத்திவிட்டு இன்றைக்கு யாரை வைத்துக் காட்சி நடத்துவது?

"இழுத்து மூடிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

"ஆஸ்பத்திரிய மூடச் சொல்லல சார். பெட்டியத் திறக்கத்தான் சொல்லுதோம்" என்றாள் மாரித்தாய்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. சட்டைக் கையைச் சுருட்டினார். விறுவிறுவென்று தானே ஏணியில் ஏறினார். பழக்கமில்லாத கால், மூன்றாம் படியிலேயே ஏணி ஆடியது. மாரித்தாய் போய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அது அவர்மேல் வந்த இரக்கம் இல்லை. ஆடுகிற ஏணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கீழே ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்பதுகூடத் தெரியாமல், தூசியில் தும்மிக்கொண்டு, அவர் பாலிதீன் உறையோடு வெள்ளைப் பெட்டியை இழுத்து எடுத்தார். சட்டையெல்லாம் ஒட்டடை.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முதலில் உள்ளே வந்தது குழு இல்லை, ஜாய்ஸ். வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவள், வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்தி, விரலில் கட்டோடு முன்படி ஏறி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்கள், ஒரு பெண். டாக்டர் ஏணியில் பாதியில் நின்றார், வெள்ளைப் பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு.

மாரித்தாய் ஏணியை ஹெலன் கையில் விட்டுவிட்டு ஊசி அறைக்குப் போனாள். சாக்கின் காதைப் பிடித்தாள். காலில் உரசாமல் எட்டப் பிடித்துத் தூக்கிவந்து, நடைக்கூடத்தின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் நேரே வைத்தாள்.

"இது என்ன?" என்று கேட்டார் குழுவில் மூத்தவராகத் தெரிந்த கண்ணாடிக்காரர். டாக்டர் மேலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த மனிதர் குனிந்து, சாக்கின் வாயை விலக்கிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதிய."

மாரித்தாய் சொன்னாள். அதே நொடியில் ஜாய்சும் சொன்னாள். ஹெலன், சேக் மைதீன், சின்ன நர்சுகள், எல்லார் வாயிலிருந்தும் அந்த ஒரே சொல் ஒன்றாக வந்து கூடத்தில் மோதியது. கண்ணாடிக்காரர் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து, ஏணியில் நின்ற டாக்டரைப் பார்த்தார், அவர் அணைத்திருந்த உறை பிரிக்காத பெட்டியைப் பார்த்தார், பிறகு ஜாய்சின் விரலைப் பார்த்தார்.

இந்த மனிதர் என்ன எழுதுவார், காப்பி குடித்துவிட்டுத் தலையாட்டிப் போவாரா, நாளைக்கு வேலை இருக்குமா, ஜாய்சின் ரத்தம் என்ன சொல்லும், ஒன்றும் மாரித்தாய்க்குத் தெரியாது. ஆனால் போன சித்திரையில் அவள் இதே சாக்கைத் தூக்கியபோது தொடாதே என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு இத்தனை குரல் வந்திருக்கிறது.

ஜாய்ஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மாரித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ள ஊசி கெடக்கு சார். குத்திரும்" என்றாள். "என்ன நடந்துச்சுன்னு நாங்க சொல்லுதோம்."